சிறுகதையில் ஆள் எங்கே தெரிகிறார்?

கேள்வி, ஜனவரி 4

என் கதைகளைப் படித்தவர்கள் எல்லோரும் ஒரே குறையைத்தான் சொல்கிறார்கள்: சம்பவம் இருக்கிறது, ஆள் இல்லை. இப்போது எழுதும் கதையில் வரும் பெரியவர் படுகஞ்சர் என்று முதல் பத்தியிலேயே எழுதிவிட்டேன். மூன்றாம் பக்கத்தில் இன்னொரு முறையும் எழுதியிருக்கிறேன். பேச்சில் காட்டு, செயலில் காட்டு என்கிறார்கள். இரண்டில் எது வலுவானது? எதிலிருந்து தொடங்குவது?

ஜனவரி 4, இரவு

செயல்தான். கஞ்சர் என்று நீங்கள் எழுதுவது தீர்ப்பு. சாட்சி விசாரணைக்கு முன்பே தீர்ப்பை வாசித்துவிட்டால் வாசகர் எதற்காக உட்கார்ந்திருக்க வேண்டும்?

புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' தொடங்கும் இடத்தைப் பாருங்கள். பிராட்வேயும் எஸ்பிளனேடும் கூடுகிற சந்தியில் பிள்ளை நின்றுகொண்டு கணக்குப் போடுகிறார். டிராமில் போனால் ஒன்றே காலணா; மிஞ்சும் காலணாவுக்கு வெற்றிலை பாக்குப் போட்டுக்கொள்ளலாம். பஸ்ஸில் ஏறி, கண்டக்டரை ஏமாற்றிக்கொண்டே சென்ட்ரலைக் கடந்த பிறகு டிக்கெட் வாங்கினால் அரைக் கோப்பை காப்பி குடிக்கலாம், ஆனால் வெற்றிலை கிடையாது. அவர் ஏழையா, சிக்கனக்காரரா, நாக்குக்கு அடிமையா, சிறிய ஏமாற்று வேலைக்குக் கூசாதவரா என்று ஆசிரியர் எங்கும் சொல்லவில்லை. இத்தனைக்கும் ஒவ்வொரு கேள்விக்கும் நமக்கு விடை கிடைத்துவிடுகிறது; கண்டக்டரை ஏமாற்றுவது அந்தக் கணக்கில் ஒரு சாதாரண வரவாக வந்து போகிறது என்பதிலிருந்தே மனிதரை நாம் பிடித்துக்கொள்கிறோம்.

உங்கள் பெரியவருக்கு இப்படி ஒரு கணக்கைக் கொடுங்கள். பிறகு 'படுகஞ்சர்' என்ற சொல்லை இரண்டு இடங்களிலும் அடித்துவிடலாம்.

ஜனவரி 5

செயல் என்று சொல்லிவிட்டு, ஒருவர் நின்ற இடத்தில் நிற்கும் காட்சியை எடுத்துக்காட்டாகக் கொடுப்பது என்ன நியாயம் என்று ஒரு நண்பர் கேட்கிறார். நல்ல கேள்வி. பிள்ளை அசையவில்லை என்பது உண்மை. ஆனால் எதை விட்டு எதைப் பெறுவது என்று தேர்ந்துகொண்டிருக்கிறார். கைகால் அசைவதையெல்லாம் நான் செயல் என்று சொல்லமாட்டேன். தொடக்கநிலைக் கதைகளில் எல்லோரும் ஜன்னல் வழியாக வெளியே பார்க்கிறார்கள், பெருமூச்சு விடுகிறார்கள், காப்பியை ஒரு மிடறு குடித்துவிட்டுக் கீழே வைக்கிறார்கள். அவற்றில் எதையும் வேறு யார் வேண்டுமானாலும் செய்திருக்கலாம். காப்பி குடிக்காத ஆளே நம் கதைகளில் இல்லை. இரண்டு வழி இருந்து, இரண்டுக்கும் ஆசை இருந்து, ஒன்றை விடுகிற இடம்தான் செயல்.

அதே கதையில் பேச்சும் செயலாகிவிடுகிற இடம் உண்டு. எதிரில் நிற்பவர் கடவுள் என்று தெரிந்த பிறகும் பிள்ளை தமது வைத்தியப் பத்திரிகைக்குச் சந்தா சேர்க்கப் பார்க்கிறார். ஜீவிய சந்தா இருபத்தைந்து ரூபாய் என்றதும், யாருடைய ஜீவியம் என்று கடவுள் கேட்கிறார்; உங்களுடையதும் இல்லை, என்னுடையதும் இல்லை, பத்திரிகையின் ஜீவியம் என்று பதில் வருகிறது. சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவோம். ஆனால் அந்த ஒரு பதிலில் பிள்ளையின் தொழில், அவருடைய பத்திரிகையின் உடல்நிலை, யார் முன்னாலும் குனியாத மிடுக்கு, அந்த மிடுக்கோடு சேர்ந்தே இருக்கும் பண முடை எல்லாம் வந்துவிடுகின்றன. அவர் தம்மைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சந்தா வாங்குவதற்காகப் பேசுகிறார். கதாபாத்திரம் எதையாவது பெறுவதற்காகப் பேச வேண்டும், தம்மை விளக்கிக்கொள்வதற்காகப் பேசக்கூடாது என்று இப்போதைக்கு வைத்துக்கொள்கிறேன்.

ஜனவரி 8

பேச்சு கைவிட்ட இடத்தில் உடல் பேசுவதற்கு அசோகமித்திரனின் 'புலிக்கலைஞன்' கதையைவிடத் துல்லியமான உதாரணம் எனக்குத் தெரியாது. அவர் பத்தாண்டுகளுக்கு மேல் ஜெமினி ஸ்டூடியோவில் வேலை பார்த்தவர். வாய்ப்புக் கேட்டு வருகிறவர்கள் எப்படி நிற்பார்கள், உள்ளே இருப்பவர்கள் எப்படித் தட்டிக் கழிப்பார்கள் என்பதை அன்றாடம் கண்டிருக்க வேண்டும். ஸ்டூடியோ அலுவலகத்துக்குக் காதர் என்பவர் வந்து நிற்கிறார். 'டைகர் ஃபைட்' என்ற தமது வித்தையின் பெயரையே 'டகர் பாயிட்' என்றுதான் சொல்லத் தெரிகிறது. கேட்கிற கேள்விகளுக்குத் தடுமாறித் தடுமாறிப் பதில் சொல்கிறார். உள்ளே இருப்பவர்கள் அவரை அனுப்பிவைக்கும் வழியைத்தான் தேடுகிறார்கள். பிறகு அவர் புலி முகமூடியை மாட்டிக்கொள்கிறார். அந்த அறையில் அதன் பிறகு காதர் இல்லை. நான்கு காலில் நிற்கும் ஒரு மிருகம் உறுமுகிறது, மேசைமேல் பாய்கிறது, உட்கார்ந்திருப்பவர்கள் உறைந்துபோகிறார்கள்.

பாய்ச்சல் மட்டும் இருந்திருந்தால் அது சர்க்கஸ் வர்ணனையாக நின்றிருக்கும். முகமூடியைக் கழற்றியதும் அதே கூனிக் குறுகிய மனிதர் திரும்பி வந்து, அதே தடுமாற்றத்தோடு, ஏதாவது பார்த்துச் செய்யுங்கள் என்று கெஞ்சுகிறார். இந்தத் திரும்பி வருதலில்தான் ஆள் முழுசாகத் தெரிகிறார். புலியாக இருந்த நேரத்தில் கிடைத்த மரியாதையை மனிதராகத் தொடர்ந்து வைத்துக்கொள்ள அவருக்குத் தெரியவில்லை. மேசைமேல் பாய்ந்தவர் மேசைக்கு முன்னால் கைகட்டி நிற்கிறார். இரண்டும் ஒரே உடல் என்பதை ஆசிரியர் சொல்லவே இல்லை, அடுத்தடுத்து வைத்திருக்கிறார்.

அதே நாள், பின்னர்

ஒருவர் எழுதியிருக்கிறார்: "வட்டார வழக்கில் பேச வைத்தால் பாத்திரம் தானாக உயிர் பெற்றுவிடும்." பெறாது. ஒருவர் திருநெல்வேலியா, தஞ்சாவூரா என்பது தெரியும். அந்த ஊரில் அவர் எந்த மாதிரி ஆள் என்பது தெரியாது. ஒரே தெருவில் ஒரே வழக்கில் பேசும் அண்ணன் தம்பி இருவரில் யார் கடன் கேட்டால் கொடுப்பார் என்று எழுதிக் காட்டுங்கள், ஒப்புக்கொள்கிறேன். 'ஏலே', 'வே' போட்டால் போதும் என்று நம்பி எழுதப்பட்ட கதைகளை வாசக வட்டத்தில் வாரம் தவறாமல் கேட்டுக் கேட்டு எனக்கு வழக்கின்மேலேயே சலிப்பு வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

ஜனவரி 13

சொந்தச் சரக்கு ஒன்று. எங்கள் தெருமுனையில் ஒரு தையற்காரர் இருந்தார். சொன்ன தேதியில் எதையும் கொடுத்ததில்லை. போய்க் கேட்டால் நிமிர்ந்து பார்க்காமலே "நாளைக்கு வாங்க" என்பார், அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்டால் துணியை எடுத்து மேசையில் போட்டு "வேற இடத்துல குடுத்துக்குங்க" என்பார். தெருவில் அவருக்கு நல்ல பெயர் கிடையாது. பள்ளிச் சீருடை தைக்கும்போது மட்டும், யாரும் கேட்காமலே, பாவாடையின் கீழ் மடிப்பிலும் கால்சட்டையின் கால் மடிப்பிலும் துணியைத் தாராளமாக உள்ளே விட்டுத் தைப்பார். அந்தப் பிள்ளை ஒரு சாண் வளர்ந்துவிட்டால் மறு வருடம் புதிதாகத் துணி எடுக்க வேண்டாம், பிரித்து இறக்கிவிட்டால் போதும்.

இதை வைத்துக் கதை எழுதினேன். கடையில், இயந்திரத்தின் அருகே, அவர் துணியை மடித்து ஊசி குத்துகிற இடத்தை நன்றாகவே எழுதியிருந்தேன். ஆனால் காட்சி நிற்கவில்லை. துணி மடிப்பதைப் பார்க்கும் வாசகருக்கு அது தையல் வேலை, அவ்வளவுதான். எதற்காக மடிக்கிறார் என்று சொல்லப் போனால் நான் குறுக்கே வர வேண்டியிருந்தது, இல்லையென்றால் அவரே "பாவம், அடுத்த வருஷத்துக்கு ஆகட்டும்" என்று முணுமுணுக்க வேண்டியிருந்தது. அப்படி முணுமுணுக்கிற ஆள் இல்லை அவர்.

பிறகு இடத்தை மாற்றினேன். ஜூன் மாதம், பள்ளி திறப்பதற்கு முந்தின இரவு. தையற்காரர் காட்சியிலேயே இல்லை. ஒரு தாய் பழைய பாவாடையை மடியில் போட்டு, பிளேடால் கீழ்த் தையலை ஒவ்வொரு கண்ணியாக அறுக்கிறாள். இரண்டு விரல் அகலம் வரும் என்று நினைத்தவளுக்கு நான்கு விரல் அகலம் விரிகிறது. ஒரு வருடம் துவைத்துச் சாயம் போன துணிக்குக் கீழே, உள்ளே மடிந்து வெயிலே படாமல் இருந்த பட்டை மட்டும் கடையில் வாங்கிய அன்றைக்கு இருந்த அதே கருநீலத்தில் இருக்கிறது. 'நாளைக்கு வாங்க' என்று அலைக்கழித்ததற்காக அவரை வைதவள் அவள்தான். அந்தக் கருநீலப் பட்டையைப் பார்த்தபடி அவள் என்ன சொல்வாள் என்று பலவாறு எழுதிப் பார்த்தேன். கடைசியில் "நாலு விரல் விட்டிருக்கான் பாரு" என்று மட்டும் மகளிடம் சொல்கிறாள். வைகிற தொனிதான், 'அவன்', 'இவன்' என்கிற பேச்சுதான். அதை மரியாதைக்கு மாற்றியிருந்தால் அவள் திருந்திவிட்டதாக அறிவித்தது போல ஆகியிருக்கும்.

ஜனவரி 16

மேலே எழுதியதை மறுபடி படிக்கும்போது, இத்தனை நாள் பேச்சா செயலா என்று கேட்டுக்கொண்டிருந்ததைவிடப் பயனுள்ள ஒரு கேள்வி கிடைக்கிறது: அதைப் பார்ப்பது யார்? செய்தவரின் பக்கத்தில் நின்று எழுதும்போது செயல் ஊமையாக இருந்தது. பெற்றுக்கொண்டவளின் மடியில் விழுந்தபோது பேசியது.

இதை வைத்துக்கொண்டு கு. அழகிரிசாமியின் 'அன்பளிப்பு' கதைக்குப் போகலாம். (இதே தலைப்பிலான தொகுப்புக்குத்தான் 1970-இல் சாகித்திய அகாதெமி விருது, அந்த ஆண்டே அவர் காலமாகிவிட்டார்.) கதைசொல்லி குழந்தைகளுக்குப் பிரியமானவர், அவர்கள் அவர்மேல் விழுந்து புரளும் காட்சிகள் பக்கம் பக்கமாக வருகின்றன. புத்தாண்டுக்கு இரண்டு குழந்தைகளுக்கு டைரி கொடுக்கிறார். சாரங்கனுக்குக் கொடுக்கத் தோன்றவில்லை. பிறகு சாரங்கன் அவரைத் தன் வீட்டுக்கு வற்புறுத்தி அழைக்கிறான், உப்புமாவும் காப்பியும் கிடைக்கின்றன, அதற்குப் பிறகு ஒரு டைரியை எடுத்து நீட்டி எழுதச் சொல்கிறான். என்ன எழுத வேண்டும் என்பதையும் அவனே சொல்கிறான்: 'என் பிரியமுள்ள சாரங்கனுக்கு அன்பளிப்பு.'

சாரங்கனைப் பற்றிய கதை என்றே இதைப் பலரும் சொல்வார்கள். எனக்கு அது கதைசொல்லியைப் பற்றிய கதை. பையன் அழவில்லை, எனக்கு ஏன் தரவில்லை என்று கேட்கவில்லை. கிடைக்காத அன்பளிப்பைத் தானே வாங்கி, கொடுக்க வேண்டியவர் கையில் கொடுத்து, கொடுத்ததாக எழுதி வாங்குகிறான். அந்தச் செயலால் வெளிச்சமாவது எதிரில் உட்கார்ந்திருக்கும் பெரியவருடைய கவனமின்மை. அவர் அன்பானவர் என்பது பொய்யாகிவிடவில்லை என்பதுதான் கதையின் நுட்பம். அன்பானவர்தான், ஆனாலும் ஒரு பிள்ளையைப் பார்க்காமல் இருந்திருக்கிறார். ஒருவரின் செயல் மற்றவரைக் காட்டிக் கொடுக்கலாம் என்பதை எந்தப் பட்டறையிலும் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

ஜனவரி 17

செயல் பொய் சொல்லாது என்று யாரோ இதற்குக் கீழே கட்டாயம் எழுதப்போகிறார்கள் என்பதால் முந்திக்கொள்கிறேன். தி. ஜானகிராமனின் 'பாயசம்'. தம் கண்ணெதிரே செழித்துவிட்ட உறவினரின் வீட்டுக் கல்யாணம் பொறுக்காத கிழவர் சாமநாது, யாரும் இல்லாத நேரம் பார்த்துப் பந்திக்கு வைத்திருந்த பாயசத்தைப் பெரிய பாத்திரத்தோடு கவிழ்த்துவிடுகிறார். சத்தம் கேட்டு ஆட்கள் வந்ததும், எலி விழுந்து கிடந்தது என்கிறார். வயிற்றெரிச்சலில் செய்த காரியம் ஒரே வாக்கியத்தில் ஊருக்குச் செய்த உபகாரமாகிவிடுகிறது. செயலையும் பார்த்து, சொல்லையும் கேட்டால்தான் சாமநாது கிடைப்பார். ஒன்றை எடுத்துவிட்டால், முதலாமது வெறும் பொறாமை, இரண்டாவது வெறும் சாமர்த்தியம்.

இங்கேயும் ஒரு பார்வையாளர் இருக்கிறார்: சாமநாதுவின் மகள், இளம் விதவை. அவள் பார்க்கிற பார்வையில்தான் கிழவர் சுருங்குகிறார். ஊர் நம்பியதும் நம்பாததும் அவருக்குப் பொருட்டில்லை. அந்த மகள் இல்லாமல் இதே கதையை எழுதியிருந்தால் அது ஒரு நல்ல குறும்புக் கதையாக முடிந்திருக்கும்.

ஜனவரி 17, தொடர்ச்சி

'பாயசம்' 2021-இல் நெட்ஃபிளிக்ஸின் 'நவரசா' தொகுப்பில் குறும்படமாகவும் வந்தது. கிழவராக டெல்லி கணேஷ் நடித்தார். எழுத்தில் சாமநாது செத்துப்போன மனைவி வாலாம்பாளோடு மனசுக்குள் பேசிக்கொண்டே இருக்கிறார். படத்தில் அவளுக்கு முகம் கொடுத்து எதிரே நிறுத்த வேண்டியிருந்தது. ரோகிணி நன்றாகவே செய்திருந்தார். ஆனாலும் தாளில் இருக்கும் ஒரு வசதி அங்கே இல்லை: வாலாம்பாளின் கண்டிப்பு கிழவருடைய மனச்சாட்சியா, இல்லை, அவர் தம் வசதிக்குப் பேசவைக்கும் பொம்மையா என்ற சந்தேகத்தை எழுத்து கடைசிவரை காப்பாற்றி வைத்துக்கொள்ளும்.

ஜனவரி 20

ஒரு வாசகரின் மறுப்பு: "செயல், செயல் என்கிறீர்கள். ஜானகிராமனின் பல கதைகள் பக்கக் கணக்கில் வெறும் பேச்சுதானே?"

ஆமாம். அந்தப் பேச்சில் யாரும் கேட்ட கேள்விக்கு நேரே பதில் சொல்வதில்லை என்பதைக் கவனியுங்கள். ஒருவர் கல்யாணத்தைப் பற்றிக் கேட்டால் மற்றவர் வெயிலைப் பற்றிச் சொல்வார். அந்த விலகலில் நமக்கு விஷயம் புரியும். இதை மிகக் கறாராகச் செய்து பார்த்தவர் ஹெமிங்வே. 1927-இல் வெளிவந்த அவருடைய ஒரு கதையில், ஸ்பெயினில் எப்ரோ ஆற்றங்கரையோரத்து ரயில் நிலையத்தில் ஓர் ஆணும் பெண்ணும் உட்கார்ந்து குடித்துக்கொண்டு, அவள் செய்துகொள்ள வேண்டிய ஒரு சிகிச்சையைப் பற்றிப் பேசுகிறார்கள். அது என்ன சிகிச்சை என்று கதையில் எங்கும் சொல்லப்படவில்லை. உனக்கு விருப்பமில்லை என்றால் வேண்டாம் என்று அவன் சொல்லிக்கொண்டே இருக்கிறான். எத்தனைக்கெத்தனை சொல்கிறானோ, அத்தனைக்கத்தனை அவன் எதை விரும்புகிறான் என்பது நமக்கு உறுதியாகிறது. அவள் ஒரு கட்டத்தில் 'தயவுசெய்து' என்பதை ஏழு முறை அடுக்கி, பேச்சை நிறுத்தும்படி கேட்கிறாள். அந்த இடத்தில் அவள் அழுதாள் என்றோ கத்தினாள் என்றோ எழுதியிருந்தால் ஏழும் வீணாகியிருக்கும்.

'கோபமாகச் சொன்னான்', 'வருத்தத்துடன் கேட்டாள்' என்று வசனத்தின் வாலில் தொங்கும் சொற்களைப் பற்றித் தனியாக ஒரு குறிப்பு எழுத நினைத்தேன். மேலே உள்ளதே போதும். வசனம் கோபமாக இருந்தால் 'கோபமாக' தேவையில்லை, கோபமாக இல்லாவிட்டால் 'கோபமாக' உதவாது.

ஜனவரி 22

பேச்சே இல்லாமலும் முடியும். புதுமைப்பித்தனின் 'செல்லம்மாள்' கதையில் மனைவி இறந்துவிட்டாள், பிரமநாயகம் பிள்ளை தனியாக அவளோடு இருக்கிறார். துணிக்கடையில் சொற்பச் சம்பளம் வாங்கும் அவர், கடையிலிருந்து புடவைகளை வீட்டுக்கு எடுத்து வந்து, எது வேண்டும் என்று அவளைத் தேர்ந்தெடுக்கச் சொன்ன நாளும் கதையில் இருக்கிறது. இறந்த உடலின் முகத்தில் ஈ உட்காராதபடி அவர் விசிறிக்கொண்டிருக்கிறார். கதறல் கிடையாது, நினைவுகூர்ந்து உருகுவது கிடையாது. அவருடைய அன்பு எப்படிப்பட்டது என்று யாராவது கேட்டால் அந்த விசிறியைத்தான் காட்ட முடியும். நோயாளிக்கு விசிறிய கை, இனிமேல் விசிற வேண்டியதில்லை என்ற செய்தி வந்த பிறகும் வேலையை நிறுத்தவில்லை.

ஜனவரி 25

கேள்வி கேட்டவர் தமது திருத்திய பிரதியை அனுப்பியிருக்கிறார். 'படுகஞ்சர்' போய்விட்டது. ஆனால் கடைசியில் அந்தப் பெரியவர் யாருக்கும் தெரியாமல் ஓர் அநாதைப் பிள்ளையைப் படிக்க வைத்தார் என்று முடித்திருக்கிறார். வேண்டாம், ஐயா. வெளியே கரடு, உள்ளே கரும்பு என்ற சூத்திரம் பல்லாயிரம் கதைகளில் பிழிந்து எடுக்கப்பட்டுவிட்டது. என் தையற்காரரும் அந்த ஆபத்தில்தான் இருக்கிறார், மறுக்கவில்லை. அவர் கருணையால் துணி விட்டாரா, அரைகுறை வேலை பிடிக்காத தொழில் திமிரால் விட்டாரா என்பதை நான் திறந்தே வைத்திருப்பதால் தப்பிக்கிறார் என்று நம்புகிறேன். திமிர்தான் என்று என் மனைவி சொல்கிறாள்; அவள் அவரிடம் ரவிக்கை தைக்கக் கொடுத்தவள், அதிகம் தெரிந்திருக்கலாம்.

உங்கள் பிரதியில் நீங்களே கவனிக்காமல் ஒரு நல்ல இடம் இருக்கிறது. கல்யாண மண்டப வாசலில் மொய் எழுதும் மேசை. பெரியவர் ஐந்நூற்று ஒன்று வைக்கிறார், நகராமல் நிற்கிறார், நோட்டில் தம் பெயர் முன்னெழுத்தோடு ஏறுகிறதா என்று எட்டிப் பார்க்கிறார். அங்கே ஒரே ஒரு வரி சேர்க்கலாம்: போன முறை அவர் வீட்டு விசேஷத்துக்கு இந்தக் கல்யாண வீட்டார் வைத்த தொகையை அவர் பையில் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வைத்திருக்கிறார். அதைவிட ஒரு ரூபாய் கூடுதலாக வைக்கிறாரா, சரிசமமாக வைக்கிறாரா என்பதை நீங்கள் தீர்மானிக்க வேண்டும். ஆள் அந்த ஒரு ரூபாயில் இருக்கிறார். பொதுவாகக் கஞ்சரைச் செலவே செய்யாத இடத்தில் வைத்துக் காட்டுகிறோம். செலவு செய்தே தீர வேண்டிய இடத்தில் வைத்தால் அவருடைய கஞ்சத்தனம் வேலை செய்வது தெரியும்.

ஜனவரி 26

"சரிசமமாகத்தான் வைக்கிறார். ஆனால் பக்கத்தில் அவர் மனைவி நிற்கலாமா?" என்று பதில் வந்திருக்கிறது.

நிற்கட்டும். அந்தச் சீட்டை அவர் எடுத்துப் பார்ப்பதை அவள் பார்க்க வேண்டும், அதைப் பற்றி ஒன்றும் பேசக்கூடாது. மொய் எழுதுகிறவர் நிமிர்ந்து "எந்த ஊரு?" என்று கேட்கும்போது, அவர் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருப்பதால், ஊர்ப் பெயரை அவள் சொல்லட்டும்.